பிரேக் டீச்சர் வீடு விற்ற கதை

டீச்சருடைய வலது காலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அந்தக் கால் அவள் பேச்சைக் கேட்பதே இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். அந்த வண்டிகளில், கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். பயிற்சிக்கு வந்தவர் பால்காரரின் சைக்கிளைக் குறிவைத்து நிதானமாக வண்டியைச் செலுத்தும்போது அதை மிதிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். வருஷக்கணக்காக மிதித்து மிதித்து, கால் தனி ஆளாகிவிட்டது. சினிமாவில் கதாநாயகன் வேகமாக ஓடினால் மிதிக்கும். பஸ்ஸில் போனால் முன்சீட்டை மிதிக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் கணவர் ஏதாவது உளற ஆரம்பித்தால் மேஜைக்கு அடியில் மிதிக்கும். பிரேக் டீச்சர் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் அவளிடம் கற்றுக்கொண்டு இன்றுவரை எதன்மேலும் மோதாமல் ஓட்டுகிறவர்கள். அதனால் அவள் கோபித்துக்கொள்வதில்லை.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், ஃபிரேம் எந்தக் காதுப் பக்கம் இறங்கும் என்று சொல்லிவிடுவார். சட்டைப் பையில் பேனா இல்லாமல் போகும், பொடி ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் போகாது. அளவில் தன்னை அடிக்க ஆள் இல்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில்தான், வீடு கட்டும்போது மேஸ்திரி பாதியில் சண்டை போட்டுக்கொண்டு போனதும், "மாடிப்படிதானே, நானே பாத்துக்கறேன்" என்று லீவு போட்டுவிட்டு இறங்கினார்.

அளவெல்லாம் சரியாகத்தான் எடுத்தார். ஆனால் தரைக்கு டைல்ஸ் போடுவதற்கு முன்னால் எடுத்துவிட்டார். அதற்கு அப்புறம் கீழே தரை ஏறியது, மேலே தரை ஏறியது, படிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கடைசியில் முதல் படி தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. மேலே மேடையில் கால் வைக்கிற கடைசிப் படியோ முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றது. போதாக்குறைக்கு, எங்கே இடிந்து தலையில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கம்பியையும் சிமெண்டையும் அள்ளிப் போட்டிருந்தார். கம்பிக்கடைக்காரர், "சார், வீடா கட்டறீங்க, பாலமா?" என்று கேட்டது அந்தத் தெருவில் வெகுநாள் ஓடியது. டீச்சரே அதைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். யார் மாடி ஏறினாலும், கண்ணாடிக்காரர் எங்கே இருந்தாலும், "கடைசிப் படி!" என்று ஒரு குரல் கொடுப்பார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் கொடுப்பார். பல் விளக்கிக்கொண்டிருந்தாலும் நுரையோடு கொடுப்பார். கேட்டவர்கள் காலை உயரத் தூக்குவார்கள். அந்தக் குரலால் அந்த வீட்டில் ஒருவர்கூட விழுந்ததில்லை.

விழுந்தது அவர்தான். டீச்சர் முன்னால் தலையணைகளோடு ஏறிப் போக, பின்னால் அவர் சுருட்டிய மெத்தையோடு போனார். வழக்கம்போல, "கடைசிப் படி" என்றார். அவள் காலைத் தூக்கி ஏறிவிட்டாள். அவருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. மெத்தை முதலில் உருண்டது, அதன்மேல் அவர் உருண்டார். மெத்தை இருந்ததால் ஆள் தப்பித்தார், முட்டிதான் போயிற்று.

"இனிமே மாடிப்படியே வேண்டாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். படுக்கையறை மேலே, இருக்கிற ஒரே குளியலறையும் மேலே. கண்ணாடிக்காரர் ஹாலில் சோபாவில் படுத்துக்கொண்டு, காலையில் படியில் உட்கார்ந்தபடியே பின்பக்கமாக ஒவ்வொரு படியாக மேலே போக ஆரம்பித்தார். துண்டு தோளில், சோப்பு டப்பா மடியில். டீச்சர் கீழே நின்றுகொண்டு, அவர் ஒவ்வொரு படி ஏறும்போதும் தரையை மிதித்தாள். அந்தக் காட்சியைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவளுக்கு மட்டும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. அவள் குடியிருக்கும் கட்டடத்தில், அவளுக்குப் பக்கத்துக் கதவு, தரைத்தளம், காலியாகிறது. சொந்தக்காரர் நல்ல மனிதர், பாதிப் பணத்தை மாசக் கடைசிக்குள் கட்டினால் அக்காவுக்கே கொடுத்துவிடுவார். இல்லையென்றால் வேறு ஆள் தயாராக நிற்கிறது.

"அக்கா, படியே கிடையாது. வாசல்ல கூட ஒரு படி கிடையாது. நான் போய்க் குனிஞ்சு பாத்துட்டேன்."

"வீட்டை விக்கணுமே."

"வித்துடு. எதையாவது யோசிச்சுக்கிட்டு பிரேக்கைப் போட்டுடாத. உன்னை எனக்குத் தெரியும்."

விற்பதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, வீட்டைத் துடைத்து வர்ணம் அடித்து, புரோக்கர் வைத்து, பத்துப் பேருக்குக் காட்டி, பதினோராவது ஆளிடம் நல்ல விலைக்குக் கொடுப்பது. இன்னொன்று, கதவு இடுக்கில் வாராவாரம் செருகிவிட்டுப் போகிற நோட்டீஸ். "உங்கள் வீட்டை இருக்கிறபடியே வாங்குகிறோம். ரிப்பேர் வேண்டாம். சுத்தம் செய்ய வேண்டாம். ஒரே வாரத்தில் முழுத் தொகை, ரொக்கம்." ரொக்கம் என்றால் மூட்டையில் கொண்டுவரப் போவதில்லை. வங்கிக் கடனுக்குக் காத்திராமல் ஒரே செக்காகக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். டீச்சர் அந்த நோட்டீஸை அதுவரைக்கும் காய்கறி நறுக்கத்தான் விரித்திருந்தாள். இப்போது ஈரத்தைத் துடைத்து நம்பரைப் பார்த்துப் போன் போட்டாள்.

ரொக்கக்காரர் மறுநாளே வந்துவிட்டார். இளவயசு, பளபள ஷூ, கறுப்புக் கண்ணாடி. கண்ணாடிக்காரர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, தலையைப் படிய வாரி, வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்காகக் காலையிலிருந்தே தயாராக இருந்தார். எந்தச் சுவிட்சை எதற்குப் போட வேண்டும் என்று சொல்வதற்கே அவரிடம் அரைமணி நேர விஷயம் இருந்தது. சமையலறைச் சுவிட்சைப் போட்டால் மாடிக் குளியலறையில் விளக்கு எரியும், அதுவும் அவர் கைவேலைதான்.

"உள்ள வாங்க, ஒரு சுத்து பாத்துடலாம்" என்றார்.

"தேவையில்லைங்க சார்." ரொக்கக்காரர் மிதியடியைத் தாண்டவில்லை. "நாங்க வீட்டைப் பாக்கறதில்லை. இடம்தான். இதை எடுத்துட்டு நாலு மாடி போடறோம்."

"எடுத்துட்டுன்னா?"

"இடிச்சுட்டு" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே ஒரு விலையும் சொன்னார். ஊரில் போகிற விலையைவிட ஒரு புதுக் கார் வாங்குகிற அளவுக்குக் குறைச்சல். "ஆனா சனிக்கிழமை கையெழுத்துன்னா அடுத்த சனிக்கிழமை பணம். நீங்க பழைய சாமானைக்கூட விட்டுட்டுப் போகலாம்."

டீச்சர் கணவர் முகத்தைப் பார்த்தாள். இஸ்திரிச் சட்டைக்கு மேலே அந்த முகம் சுண்டிப்போயிருந்தது. கையில் ஏந்தியிருந்த டீயை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவரே ஒரு வாய் குடித்தார். டீச்சருடைய கால் தரையை மிதித்தது. "யோசிச்சுச் சொல்றோங்க" என்று ரொக்கக்காரரை அனுப்பிவிட்டாள். யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த மனிதர் கட்டிய வீட்டை, அவர் கண்முன்னால் இடிக்கக் கொடுப்பதா? கொடுத்தால் அவர் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார், சோபாவில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். அதை அவளால் தாங்க முடியாது. காசு ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

ஆக, புரோக்கர் அம்மா வந்தாள். வந்ததும் வராததுமாக வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சட்டம் போட ஆரம்பித்தாள். சுவரெல்லாம் வெள்ளை அடிக்க வேண்டும். பாதி நாற்காலிகளைக் கண்ணில் படாமல் ஒளித்துவிட வேண்டும். வாசனை மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். மாடிக்குப் போனாள். கடைசிப் படியில், சமையலறையிலிருந்து குரல் வந்தது. காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஒற்றைக் காலில் நின்றாள்.

"யாரு இதைக் கட்டினது?"

"நான்தாங்க" என்றது குரல்.

புரோக்கர் அம்மா இறங்கி வந்து டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டாள். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஆளுங்க வீடு பாக்க வர்றப்ப, சார் இங்க இருக்கக் கூடாது."

"எங்க அனுப்பறது?"

"எங்கயாவது. காது கேக்காத தூரத்துக்கு."

இப்படியாக, வீடு பார்க்க ஆள் வரும்போதெல்லாம் கண்ணாடிக்காரர் தெருமுனையில் நிற்கும் பயிற்சிக் காருக்குக் குடியேற்றப்பட்டார். காரின் நெற்றியில் எல் போர்டு. உள்ளே அவர், மடியில் ஒரு பிஸ்கட் பொட்டலம். போகிறவர்கள், இந்த வயசில் ஓட்டக் கற்றுக்கொள்கிறார் பார் என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

முதலில் வந்தது ஒரு பல் டாக்டரும் மனைவியும். நல்ல தோரணையான ஜோடி. ஹாலில் நின்று வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார்கள். புரோக்கர் அம்மாவுக்கு அதற்குள் கமிஷன் கணக்கு ஓடியது. அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கனைக்கிற சத்தம்.

கண்ணாடிக்காரர். கண்ணில் ஒரு கறுப்புக் கண்ணாடி, தலையில் கார் டிக்கியில் கிடந்த யாருடைய தொப்பியோ.

"வீடு விற்பனைக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றார், பெண்டாட்டியைப் பார்த்து. "நானும் பாக்கலாமா அம்மா?"

போட்டிக்கு ஒரு ஆள் இருந்தால் விலை ஏறும் என்று கணக்குப் போட்டு வந்திருந்தாராம், அப்புறம் சொன்னார். புரோக்கர் அம்மா சுதாரித்துக்கொண்டு, "தாராளமா பாருங்க, இன்னொரு பார்ட்டியும் இருக்காங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லாரும் சமையலறைக்குப் போனார்கள். உள்ளே போகும் வழியில் பரண் தாழ்ந்திருக்கும். பல் டாக்டர் இடித்துக்கொண்டார். புதிதாக வந்த பார்ட்டியோ பார்க்காமலே தலையைக் குனிந்து போனார். பல் டாக்டரின் மனைவி டிராயரை இழுத்தாள், வரவில்லை. "லேசாத் தூக்கிட்டு இழுங்க" என்றார் பார்ட்டி. வந்தது. அவள் சுவிட்சைப் போட்டாள், விளக்கு எரியவில்லை. "அது மாடிக்கு. இதுக்கு அந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கு" என்று கதவுக்குப் பின்னால் கையை விட்டுப் போட்டார்.

"நீங்க இந்த வீட்டுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லீங்க. பாத்தா தெரியுது" என்று அசடு வழிந்தார்.

பல் டாக்டர் அதற்குள் தனியாக மாடி ஏறத் தொடங்கியிருந்தார். டீச்சர் கண்ணால் கெஞ்சினாள். கண்ணாடிக்காரர் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. மனிதர் எவ்வளவோ அடக்கித்தான் பார்த்தார்.

"கடைசிப் படி!"

அந்தக் குரலில் தொப்பி கீழே விழுந்தது. மாடியில் பல் டாக்டர் ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நின்றார். அவர் மனைவி, சுவரில் தொங்கிய கல்யாணப் போட்டோவை ஒரு தடவை, தொப்பி இல்லாத பார்ட்டியை ஒரு தடவை பார்த்தாள். நூறு நாற்காலியை ஒளித்துவைத்த புரோக்கர் அம்மா அந்தப் போட்டோவை ஒளிக்க மறந்திருந்தாள்.

அவர்கள் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு போனார்கள். தெருவில் போகும்போது அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. புரோக்கர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு ஒளித்துவைத்த நாற்காலி ஒன்றைத் தேடி எடுத்து உட்கார்ந்தாள்.

அதற்கடுத்து வந்தவர்கள் விஷயத்திலும் இதே கதைதான். காரை விட்டு இறங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்ததால் அவர் இறங்கவில்லை. ஆனால் போகிறவர்களைக் கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டு, "வெள்ளை வீடு பாக்கவா? மாடிப்படி ஏறுறப்ப ஜாக்கிரதை" என்று ஆரம்பித்து, குழாய் ஒழுகுவதுவரை ஒப்பித்துவிட்டார். பாதிப் பேர் வீட்டு வாசலுக்கே வராமல் அப்படியே திரும்பினார்கள்.

டீச்சருக்கு விஷயம் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தாள். இந்த மனிதருக்கு வீட்டை விட்டுப் போக மனசில்லை. சொல்ல வாய் வராமல், வருகிறவர்களை எல்லாம் விரட்டுகிறார். அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சி தினமும் போன் போட்டு, "அந்த ஆளு டேப்பைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு அளவெடுத்துட்டுப் போறான் அக்கா, கர்ட்டன் தைக்கப் போறான்" என்று வயிற்றெரிச்சலைக் கொட்டினாள். ரொக்கக்காரர் வேறு அடிக்கடி கூப்பிட்டு, "சும்மாதான் டீச்சர், ஞாபகப்படுத்தலாம்னு" என்பார்.

அந்த நெருக்கடியில்தான் தபால்காரர் வந்தார். அந்தத் தெருவுக்கே தபால் கொடுக்கிறவர். மனைவி, அம்மா, நடை பழகுகிற பெண் குழந்தை என்று குடும்பத்தோடு வந்தார். அவருக்குக் கண்ணாடிக்காரரை நன்றாகத் தெரியும் என்பதால் இந்தத் தடவை அவரை ஒளித்துவைக்கவில்லை. அவரே சுற்றிக் காட்டினார். ஒன்றுவிடாமல் எல்லாக் குறையையும் சொன்னார். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள்.

"பழகிடும் சார்" என்றார் தபால்காரர். "எங்களுக்கு வீடு பிடிச்சிருக்கு. பேங்க்ல லோன் வர நாளாகும். ஆனா கையில இருக்கறதை இப்பவே அட்வான்ஸா தர்றேன்."

புரோக்கர் அம்மா சொன்ன விலை, பைசா குறையாமல். அட்வான்ஸை வைத்துத் தங்கச்சி வீட்டுப் பக்கத்துக் கதவைப் பிடித்துவிடலாம். வீடும் இடிபடாது, ஒரு குழந்தை ஓடி விளையாடும். டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. டீ போட உள்ளே போனாள். டீயோடு திரும்பினால் எல்லாரும் இருக்கிறார்கள், கணவரைக் காணோம்.

தெருமுனையில் காரில் இருந்தார். ஓட்டுகிறவர் சீட்டில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. அவருக்கு ஓட்டத் தெரியாது. பெண்டாட்டியிடம் கற்றுக்கொண்டால் பெண்டாட்டியும் போய்விடுவாள், ஓட்டவும் வராது என்பது அவர் கட்சி.

டீச்சர் கதவைத் திறந்து தன் வழக்கமான பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க இது? அங்க ஆளுங்களை உக்காரவெச்சுட்டு."

"அவங்களுக்குக் குடுக்க வேண்டாம்."

அவள் காத்துக்கொண்டிருந்தது இதைத்தான். இத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "ஏங்க, உங்களுக்கு இந்த வீட்டை விட்டு வர மனசில்லைன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே. நீங்க தினமும் அந்தப் படியில பின்பக்கமா ஏறுறதை என்னால பாக்க முடியலைங்க. நீங்க இன்னொரு தடவை விழுந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"யாரு சொன்னா மனசில்லைன்னு?" அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தக் குழந்தை இப்ப படியில ஏறிச்சு, பாத்தியா? தவழ்ந்து தவழ்ந்து. நான் கத்தினேன், அதுக்கு என்ன புரியும், என்னைப் பாத்துச் சிரிக்குது. தபால்காரரோட அம்மாவுக்கு வேற என்னைவிட வயசு ஜாஸ்தி. பழகிடும்னு சொல்றாங்க. கட்டினவன் எனக்கே பழகல. நாம போனப்புறம் அங்க யாரு கத்துவா?"

டீச்சருடைய கால் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தது.

"வந்தவங்ககிட்ட எல்லாம் அதனாலதான் சொன்னேன். சொல்லாம எப்படி விக்கறது? அந்த ரொக்கக்காரனுக்கே குடுத்துடு. அவன்தான் இடிப்பான்."

"இடிச்சா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் நான் அவனை வேண்டாம்னேன்."

"எனக்கா?" அவர் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். "நான் பண்ணின காரியத்திலயே அதுதான் கேவலம். ஊரே சிரிச்சுது, நீயும் சிரிச்ச. அது போனா எனக்கு நிம்மதி."

"அன்னைக்கு அவன் வந்தப்ப முகம் அப்படிப் போச்சே?"

"பின்ன? சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன், உள்ள வந்து ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொல்லிட்டு இடிக்கறது."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு புதுக் கார் விலை போகிறதே என்று மனசு ஒரு கணம் அடித்துக்கொண்டது. போகட்டும். கால் நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் சில வருஷம் பிரேக் போட்டால் ஆயிற்று. "நீயும் சிரிச்ச" என்று அவர் சொன்னதுதான் உள்ளே போய்த் தைத்துக்கொண்டு நின்றது.

தபால்காரரிடம் அவரே போய் விஷயத்தைச் சொன்னார். தபால்காரர் வருத்தப்பட்டார், அவருடைய அம்மா மட்டும் ரகசியமாகக் கண்ணாடிக்காரர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். புரோக்கர் அம்மாவிடம் சொல்லும் பொறுப்பு டீச்சருக்கு. அவள் திட்டியதை இங்கே எழுத வேண்டாம்.

சனிக்கிழமை ரொக்கக்காரர் பத்திரத்தோடு வந்தார். கண்ணாடிக்காரர் அதே இஸ்திரிச் சட்டையில் வாசலில் நின்றார்.

"ஒரே ஒரு கண்டிஷன் தம்பி. வீட்டை ஒரு தடவை முழுசா பாத்துட்டுத்தான் கையெழுத்து."

"சார், நாங்க எப்பவும்..."

"டீ ஆறிடும், வாங்க."

ரொக்கக்காரர் தொழில் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் வாங்குகிற ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். பரணில் இடித்துக்கொண்டார். டிராயரைத் தூக்கி இழுக்கக் கற்றுக்கொண்டார். எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்று மனப்பாடமாக ஒப்பித்த பிறகுதான் மாடிக்குப் போக அனுமதி கிடைத்தது. அதற்குள் போன் அடித்தது. போனில் பேசிக்கொண்டே, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே படியேறினார். கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். டீச்சருடைய கால் அவர் காலை மிதித்தது. அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மேலே தடாலென்று ஒரு சத்தம். கறுப்புக் கண்ணாடி படிப்படியாகக் குதித்து இறங்கி வந்தது, பின்னாலேயே அதன் சொந்தக்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். பெரிய அடியெல்லாம் இல்லை. ஃபிரேம்தான் கோணிவிட்டது. கண்ணாடிக்காரர் அதைக் கையில் வாங்கி, அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பொடி ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டு திருகு திருகி, காதுப் பக்கம் லேசாக வளைத்து மாட்டிவிட்டார்.

ரொக்கக்காரர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். "வாங்கினதிலேர்ந்து ஒரு பக்கமா இறங்கிட்டே இருந்தது சார்."

"வலது காது கொஞ்சம் கீழ இருக்கு உங்களுக்கு. அன்னைக்கு வாசல்ல நின்னப்பவே பாத்தேன்."

"வீடு நல்லா இருக்கு சார்" என்றார் ரொக்கக்காரர். கண்ணாடிக்காரர் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மாசக் கடைசிக்கு முன்னால் தங்கச்சி வீட்டுப் பக்கத்துக் கதவு அவர்களுடையதாயிற்று. கண்ணாடிக்காரர் குளியலறைக்கு நேராக நடந்து போனார். போய்விட்டு, ஆசைக்கு இன்னொரு தடவை போய் வந்தார். கர்ட்டன் மட்டும் அந்த இன்னொரு ஆள் முந்திக்கொண்டு தைத்திருந்தான். தங்கச்சி பேரம் பேசி அதையும் பாதி விலைக்கு வாங்கிவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ரொக்கக்காரரிடமிருந்து போன். குரலில் பழைய மிடுக்கைக் காணோம்.

"சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். கொஞ்சம் இங்க வந்துட்டுப் போக முடியுமா?"

டீச்சர் காரை எடுத்தாள். பழைய தெருவுக்குள் திரும்பியதும் தெரிந்தது, வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. சுவர் இல்லை, பரண் இல்லை, சமையலறை இல்லை. எல்லாம் ஒரே நாளில் போய்விட்டதாம். நடுவில் மாடிப்படி மட்டும் தன்னந்தனியாக வானத்தைப் பார்த்து ஏறிப் போய், முழங்கால் உயரக் கடைசிப் படியையும் அதன் மேடையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் மஞ்சள் நிற இடிக்கிற எந்திரம் பல் உடைந்துபோய் ஓய்ந்திருந்தது. தெருவே திரண்டு வேடிக்கை பார்த்தது. கம்பிக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

எந்திரம் ஓட்டுகிறவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அண்ணே, இதுக்குள்ள என்ன போட்டீங்க?"

"கம்பி. சிமெண்ட். கொஞ்சம் தாராளமா." கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு படியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முட்டி வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

கூட்டத்தில் புதிதாகக் குடிவந்த ஒருத்தி, டீச்சர் பக்கம் சாய்ந்து, "யாருங்க கட்டினது இதை?" என்றாள்.

இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு டீச்சரிடம் தயாராக ஒரு பதில் உண்டு, பாலத்தில் ஆரம்பித்துச் சிரிப்பில் முடியும். இன்றைக்கு அது வாயில் வரவில்லை. அந்தத் தொந்தி விழுந்த மனிதரை, தூசிக்கு நடுவில் புது மாப்பிள்ளைபோல் நடந்துகொண்டிருந்தவரைப் பார்த்தாள். அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

"எங்க வீட்டுக்காரர்" என்றாள், கூட்டத்துக்கே கேட்கும்படி. "தனியாளாக் கட்டினார்."

கண்ணாடிக்காரர் நடையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் நெடுநேரம் துடைத்தார்.

அதற்குள் எந்திரக்காரர், கீழிருந்து முடியாது, மேலிருந்துதான் உடைத்துக்கொண்டு வர வேண்டும் என்று முடிவு செய்து, துளை போடுகிற மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறத் தொடங்கியிருந்தார். கண்ணாடிக்காரர் கையில் கண்ணாடி, முகத்தில் கர்ச்சீப். அவர் பார்க்கவில்லை. மேலே ஏறுகிறவர் கடைசிப் படிக்கு வந்து, எல்லாப் படியையும்போல நினைத்து, காலைச் சாதாரணமாக எடுத்தார்.

"கடைசிப் படி!"

தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கத்தியது டீச்சர்.